பிரவுனிக்குத் தமிழ் தெரியாது

கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான் சாள்ஸ்.

"கதவத் திற, லக்சனா."

எட்டு நாளாகப் பூட்டியிருந்த அறைக் கதவு. உள்ளே சாள்ஸும் அவனுடைய நாய் பிரவுனியும். வெளியே, அலுமாரியின் மேல், மாமியாரின் பூனை வெள்ளச்சி.

புத்தளத்து மிருக வைத்தியர் சொன்னபடி எல்லாம் செய்தாகிவிட்டது. நாய் படுத்த சாக்கு பூனைக்குப் போனது. பூனை படுத்த சாக்கு நாய்க்கு வந்தது. கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மீன் தலை வைத்தார்கள். மூன்றாம் நாள் உறுமல் குறைந்தது. ஆறாம் நாள் வெள்ளச்சி கதவின் கீழ் இடுக்கால் கையை விட்டுத் துழாவிப் பார்த்தது.

இன்று முகத்துக்கு முகம்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அலீமாவின் தலை தெரிந்தது.

"மாப்புளைக்குச் சீதனம் குடுக்கிறதக் கண்டீக்கிறேன், சரோஜாக்கா. மாப்புள நாயச் சீதனமாக் கொண்டாந்தத இப்பதான் காணுறேன்."

குசினி வாசலில் நின்ற சரோஜாதேவி சிரிக்கவில்லை.

நாய் பூனையைக் கடித்தால், நாய் இந்த மாம்புரி வீட்டில் இருக்க முடியாது. நாய் இல்லாத வீட்டில் சாள்ஸ் இருக்க மாட்டான். சிலாபத்தில் அவனுக்கு வீடு இருக்கிறது. அவன் போனால் லக்சனாவும் போவாள்.

சரோஜாதேவிக்கு மிஞ்சியிருப்பது மகள் லக்சனா ஒருத்திதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது.

பிரவுனி சிலாபத்துக் கடற்கரையில், சிங்களப் படகுக்காரர்களின் காலடியில் வளர்ந்த நாய். இரு, வா, விடு எல்லாம் அதற்குச் சிங்களத்தில்தான். தமிழில் கூப்பிட்டால் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் இந்த வீட்டுக்குள் சிங்களம் கூடாது. கலியாணம் பேசிய அன்றே சரோஜாதேவி போட்ட ஒரே நிபந்தனை அது. "எனக்கு அந்தப் பாசையில ஒரு எழுத்தும் தெரியாது தம்பி. தெரியவும் வேண்டாம்." காரணம் சொல்லவில்லை. சாள்ஸ் தலவில தேவாலயத்து அன்னம்மா மேல் சத்தியம் செய்து கொடுத்தான். வந்த நாளிலிருந்து நாய்க்குத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருக்கிறான்.

கதவு திறந்தது.

பிரவுனி வெளியே வந்தது. மோந்தது. வால் மெல்ல ஆடியது.

லக்சனா நாலு முழம் தள்ளித் தள்ளி இரண்டு தட்டு வைத்தாள். வெள்ளச்சி அலுமாரியிலிருந்து குதித்தது. நாய் ஒரு கண்ணால் பூனையைப் பார்த்தபடி தின்றது. பூனை நாயைப் பார்க்காமலே தின்றது.

சாள்ஸ் மூச்சு விட்டான். கயிற்றில் ஒரு சுற்றைத் தளர்த்தினான்.

வெள்ளச்சி தன் தட்டை முடித்தது. கையை நக்கியது. பிறகு நேரே நடந்து போய் நாயின் தட்டில் வாய் வைத்தது.

இதை வைத்தியர் சொல்லித் தரவில்லை.

கயிறு சாள்ஸின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. தட்டு சுவரில் போய் மோதியது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலான மூலையில் பூனை. அதற்கு முன்னால், பல்லெல்லாம் தெரிய, பிரவுனி.

"நில்லு பிரவுனி! விடு!"

நாய் திரும்பவில்லை.

சாள்ஸ் மறுபடி வாயைத் திறந்தான். மாமியாரின் முகம் கண்ணில் பட்டது. வந்த சொல் நாக்கிலேயே நின்றுவிட்டது.

பூனை கத்தியது. நாய் பாய்வதற்குப் பின்னங்காலைப் பதித்தது.

"எபா!"

நாய் நின்றது.

வேண்டாம் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். சொன்னது சாள்ஸ் இல்லை. லக்சனாவும் இல்லை.

"எபா... எபா..."

சரோஜாதேவி இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றாள். குரல் உரத்தது அல்ல. கெஞ்சல்.

பிரவுனியின் காது மடிந்தது. அது பின்வாங்கியது. குந்தியது. வெள்ளச்சி அதன் மூக்குக்கு முன்னாலேயே ஓடி அலுமாரியில் ஏறிக்கொண்டது.

சாள்ஸ் இரத்தக் கையைச் சாரத்தில் துடைத்தான். பயம் தெளிந்ததில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மாமி, ஒரு எழுத்தும் தெரியாதெண்டீங்க. இவ்வளவு சுத்தமாச் சொல்றீங்களே. எங்க படிச்சீங்க?"



லக்சனாவுக்குத் தெரியும். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. யுத்தம் முடிந்த கிழமை, வெயிலில் நீண்ட வரிசை. இராணுவத்தார் அண்ணன் சுஜனை மட்டும் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். வேண்டாம் என்பதற்கு அவர்களின் பாசையில் என்ன என்று அம்மா வரிசையில் நின்ற எல்லாரிடமும் கேட்டாள். யாரோ ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தார்கள். பஸ்ஸின் படியைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள். பஸ் புறப்பட்டது. பின்னால் ஓடி ஓடிச் சொன்னாள்.

அண்ணன் இன்றுவரை வரவில்லை. அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அம்மாவின் வாயில் லக்சனா கேட்டதுமில்லை.

சரோஜாதேவி நாயின் முன்னால் தரையில் குந்தினாள். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்த சொல்லுக்காக.

அதன் தலையில் மெல்லக் கை வைத்தாள்.

"நீயெண்டாலும் நிண்டாய்."