கடைசி மதிப்பெண் வாங்கிய சந்து

“ஒரே சந்து, ஒரே ஆளு, இருநூத்திப் பன்னெண்டு புகார்! அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும், மொங்கி அண்ணே!”

மாநகராட்சி வண்டியில் ஏறியதிலிருந்து லமியா பொரிந்துகொண்டே வந்தாள். தெருவிளக்கும் சாக்கடையும் பழுது பார்க்கிற மொங்கி, வண்டியை ஓட்டியபடியே சிரித்தார்.

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்க மேடம். மார்க் போட்டது நீங்கதானே?”

அது உண்மைதான். துனிசியாவின் அந்தக் கடற்கரை நகரத்தில் எந்தத் தெரு வாழத் தகுந்தது என்று மாநகராட்சிக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தவள் லமியா. தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, காற்றில் எவ்வளவு தூசி, பேருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எத்தனை மரம், எத்தனை புகார்... எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கும் கணக்குகள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைசியில் வந்து நின்றது மல்லிகைச் சந்து. அவள் பிறந்து வளர்ந்த சந்து. கடைசி இடம் வரும் தெருவை இடித்துவிட்டு, குடியிருப்பவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிடலாம் என்று நகர மன்றத்தில் பேச்சு. நாளை வாக்கெடுப்பு.

அதைத் தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. தெருவில் குடியிராதவர் கொடுக்கும் புகார் மதிப்பெண்ணில் சேராது. ஆனால் பொதுக்கணக்கில் எல்லாம் ஒரே ஆள் கொடுத்தவை என்பது மட்டும்தான் தெரியும்; அவர் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்காது. எண்ணைக் கொடுங்கள் என்று தலைமை அலுவலகத்தில் கெஞ்சியிருந்தாள். இன்னும் பதில் இல்லை.

சந்து முனையில் இறங்கியவள் அங்கேயே நின்று மூச்சை இழுத்தாள். கல்யாணமாகிப் போய்ப் பன்னிரண்டு வருடம். பெருநாள் காலையில் இந்த மூலையில் நின்றாலே போதும், உப்புமீன் மணமும் வெங்காயத்தோடு உலர்திராட்சை வேகும் மணமும் வீட்டுக்கு வீடு கிளம்பி வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். யார் வீட்டில் சாப்பிட்டோம் என்று அம்மாவுக்கே தெரியாது. அதற்கு மதிப்பெண் போடத் தன் பட்டியலில் ஒரு கட்டம்கூட வைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

புகார்கள் அத்தனையும் பதினாலாம் எண் வீட்டைச் சுற்றித்தான். அந்த வாசலில் ஸக்கியா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, என்னைத் தெரியுதா? லமியா.”

“என் வீட்டு மாதுளையத் திருடித் தின்னு வளர்ந்த கழுதையத் தெரியாமப் போகுமா? உக்காரு.”

“உக்கார நேரமில்ல சித்தி. உங்க வாசல்ல விளக்கு எரியல, தண்ணி தேங்குது, குப்பை கெடக்குதுன்னு நாலு வருசமாப் புகார். இன்னிக்கு மட்டும் மூணு. நீங்களா குடுத்தீங்க?”

“எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது. நான் எங்கடி புகார் குடுக்கப் போறேன்? இந்தச் சந்துக்கு என்ன கொறைச்சல்? ஒரு குரல் குடுத்தா ஒம்பது பேரு ஓடி வருவாங்க!”

“அதானே! சரி, உங்க பையன் நிஸார் எங்க, ஆளையே காணோம்?”

பட்டாணி உரித்த விரல்கள் நின்றன. “கடலோட போயிட்டான். அவன் பேச்சை எடுக்காத.”

இத்தாலிக்கென்று படகேறிய எத்தனை பிள்ளைகளை அந்தக் கடல் விழுங்கியிருக்கிறது! லமியா இடுப்பில் தூக்கி வைத்துத் திரிந்த பையன். கேட்டிருக்கவே கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மொங்கி ஏணியிலிருந்து இறங்கினார். “விளக்கு ஜோரா எரியுது மேடம். வழக்கம்போல ஒரு பழுதும் இல்ல.” கைப்பேசியை எடுத்தவர், “அம்மா, கொஞ்சம் நகருங்க. வேலை முடிஞ்சதுக்குப் படம் அனுப்பணும்” என்றார்.

“என் வாசல்ல நான் உக்கார உன்னைக் கேக்கணுமா? நகர மாட்டேன். அப்படியே எடு.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே எடுத்து அனுப்பினார்.

அப்போது லமியாவின் கைப்பேசி சிணுங்கியது. கேட்டிருந்த எண் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே அழைத்தாள். மொங்கியும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

“மகராசா, யாருய்யா நீ? மல்லிகைச் சந்துல உனக்கு என்ன கொறை? நீ குடுத்த புகார்ல சந்து முழுசையும் இடிக்கப் போறாங்க, தெரியுமா?”

“இடிக்கப் போறாங்களா?” அந்தப் பக்கம் ஓர் இளைஞனின் குரல் பதறியது. “ஐயோ, ஒரு கொறையும் இல்லீங்க! நான் அந்தச் சந்துக்காரன்தான், நிஸார். நாலு வருசமா இத்தாலியில இருக்கேன். இங்க தங்குறதுக்கான காகிதம் கெடையாது, ஊருக்கு வந்தா திரும்ப முடியாது. சொல்பேச்சு கேக்காமப் படகேறினேன்னு எங்கம்மா என் போனை எடுக்கிறதே இல்ல. புகார் குடுத்தா, சரிபண்ணிட்டோம்னு ஒரு படம் அனுப்புவீங்கல்ல... அதுல அம்மா வாசல்ல உக்காந்திருப்பாங்க. நேத்து வந்த படத்துல அவங்க இல்ல. பயந்துபோய்த்தான் இன்னிக்கு மூணு குடுத்தேன்.”

வெளிநாட்டில் இருப்பவன் கொடுத்த புகார். இருநூற்றுப் பன்னிரண்டும் கணக்கில் சேராது. சந்து பிழைத்தது. லமியா கைப்பேசியை ஸக்கியாவிடம் நீட்டினாள்.

ஸக்கியா அதைத் தொடவில்லை. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மொங்கியின் பக்கம் திரும்பினாள்.

“நேத்து முட்டிவலிக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன்னு அவன்கிட்டச் சொல்லுப்பா. அப்புறம்... அந்த விளக்கு நாளைக்கும் எரியாதுன்னு சொல்லு.”