பல்லிக்குத் தட்டியவன்

சிவப்புப் பொத்தானை அழுத்தத்தான் போனாள். அப்போது பார்த்து டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள், கடலுக்கு அப்பால், யாரோ மேசையைத் தட்டினார்கள்.

டொக், டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

அவள் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது.

எதிர்முனையில் பேசுவது டாக்டர் நோவாக். திரையில் அப்படித்தான் இருந்தது. போர் நடக்கும் ஊரில் நிவாரண மருத்துவமனை நடத்துகிறாராம். நோயாளிகள் தரையில் கிடக்கிறார்களாம். ஜெனீவாவிலிருந்து வந்த நன்கொடையை உடனே விடுவிக்க வேண்டுமாம். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. குரல் மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. குரலை மாற்றிப் பேச இப்போது எத்தனையோ வழி இருக்கிறது.

அவளுக்கு வங்கியில் சரிபார்ப்பு வேலை. பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்தபடி, உலகத்தில் இருக்கிறவர்களிடமெல்லாம் நீங்கள் நீங்கள்தானா என்று கேட்க வேண்டும். பச்சையை அழுத்தினால் பணம் போகும். சிவப்பை அழுத்தினால் கணக்கு முடங்கும். பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு அந்த நாட்டுப் போலீஸ் போகும்.

பச்சையைப் போட்டுவிடு, மேலிடத்து விஷயம் என்று மேலாளர் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார்.

ஆனால் அந்த மருத்துவமனையே இப்போது இல்லை.

குண்டு விழுந்து அது சரிந்த காட்சியைப் போன தை மாதம் செய்தியில் திரும்பத் திரும்பப் பார்த்தவள் அவள். அவள் புருஷன் ஆவுடையப்பன் அங்கேதான் கணக்காளராக இருந்தான். உடல் கிடைக்கவில்லை, இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று அவனை அங்கே அனுப்பிய கம்பெனி சொல்லிவிட்டது. கொள்ளலாமாம்!

அதனால்தான் மருத்துவமனையின் பெயரைப் பார்த்ததும் இந்த அழைப்பைக் கேட்டு வாங்கினாள். அந்த உடலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று. பேசப் பேசத்தான் விளங்கியது. இல்லாத கட்டிலுக்கும் இல்லாத நோயாளிக்கும் பணம். திருட்டுப் பயல்கள். சிவப்புதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

பாழாய்ப் போன பல்லி.

பல்லி சொன்னால் இந்த ஊரில் யாரும் தட்டுவார்கள். நல்லது பலிக்கட்டும் என்று விரல் முட்டியால் மூன்று தட்டு. நினைத்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். ஆனால் மூன்றாவதை நிறுத்தித் தட்டுகிறவன் ஒருத்தன்தான், ஆவுடையப்பன். கேட்டால், சாமிக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டாமா என்று சிரிப்பான்.

பல்லிச் சத்தம் மைக் வழியாக அங்கேயும் கேட்டிருக்கிறது. குரலை மாற்றியிருக்கிறான். கையை மாற்ற முடியவில்லை.

இருக்கிறான்! உயிரோடு இருக்கிறான்! கத்த வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

அடுத்த நொடியே வேறொன்று தோன்றியது. இருக்கிறவன் ஏன் ஒரு போன் பண்ணவில்லை? செத்தவனாக இருப்பதுதான் வசதி என்று இருந்துவிட்டானா? இல்லை, யாராவது கழுத்தில் கத்தியை வைத்துப் பேசச் சொல்கிறார்களா?

பாவி மனுஷா, நீ யார் பக்கம் இருக்கிறாய்?

வாய்விட்டுக் கேட்க முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது.

அவள் மேசையைத் தட்டினாள். டொக், டொக். மூன்றாவதைத் தட்டவில்லை.

காத்திருந்தாள்.

டொக்.

அங்கிருந்துதான். மெதுவாக. பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

அவள் குரலை யாரும் மாற்றவில்லையே. முதல் ஹலோவிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் இவ்வளவு நேரம் மேடம், மேடம் என்று பணம் கேட்டிருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. எல்லாரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி. யாராவது கட்டாயப்படுத்தி இதைச் செய்கிறீர்களா? எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள், பதிலைக் காதில் வாங்காமலே. இன்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்.

"நோ, மேடம்."

பட்டென்று வந்தது. கட்டாயம் இல்லாதவனும் இப்படித்தான் சொல்வான். பக்கத்தில் ஆள் நிற்கிறவனும் இப்படித்தான் சொல்வான்.

பச்சை போட்டால் பணத்தோடு ஒரேயடியாய்ப் போய்விடுவான். அல்லது, காரியம் முடிந்தது என்று அவனையும் முடித்துவிடுவார்கள். சிவப்பு போட்டால் போலீஸ் போகும். பிடிக்கவோ, மீட்கவோ. அது போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ.

அடுக்களையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏளா கோமு, பல்லி சொல்லுச்சே, கேட்டியா? எம்புள்ள இருக்கான்னுதான் சொல்லுது."

மைக்கை அணைக்கவில்லை. பெற்றவளின் குரல் அங்கேயும் போயிருக்கும்.

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

பல்லி சொல்லும்போதெல்லாம் அத்தை இதைச் சொல்வாள். கோமு திரையைப் பார்த்தபடி வேலையைத் தொடர்வாள்.

இன்று மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"ஆமாத்தே, இருக்காக. ஆளனுப்புதேன். கூட்டிட்டு வந்துருவாக."

சிவப்பை அழுத்தினாள்.

லைன் உடனே அறுபடவில்லை.

டொக், டொக்.

மூன்றாவதற்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.