காவலர் தேடிய ஃபைல்

ஒரு லேப்டாப்புக்குள் ஒரு இன்ஸ்டாலர் வேலைக்கு வந்தது. புதுக் கருவிக்கு வேண்டிய ஃபைல்களையெல்லாம் சுமந்து வந்து அதனதன் இடத்தில் அடுக்கும். அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் அதே ஒரு ஃபைல் மட்டும் இருக்காது. லேப்டாப்காரி பொறுமையிழந்து, "இன்னொரு தடவை பார்ப்பேன். கருவி ஓடலேன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவேன்" என்றாள்.

இன்ஸ்டாலர் காவலுக்கு நின்ற ஆன்டிவைரஸிடம் ஓடியது.

"அண்ணே, மறுபடியும் அதைக் காணோம்!"

"என் காவல்லயா? எவன் அவன்?" ஆன்டிவைரஸ் லத்தியைத் தட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடியது. "எங்கயுமே இல்லையே தம்பி" என்று வியர்வையைத் துடைத்தது.

"அந்தப் பூட்டின அறை?"

"அது லாக்கப். நான் பிடிச்ச திருட்டுப் பசங்க இருக்காங்க."

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த இன்ஸ்டாலர் துள்ளியது. "அண்ணே, இதுதான்! ஒவ்வொரு தடவையும் நான் கொண்டுவந்தது அத்தனையும் வரிசையா உட்கார்ந்திருக்கு!"

"சும்மா இரு தம்பி. ஒரே மூஞ்சியோட திரும்பத் திரும்ப வந்தான், சந்தேகப்பட்டு உள்ளே போட்டேன்" என்றது ஆன்டிவைரஸ். "நீ வா, உன் ஃபைலைத் தேடுவோம்."