மாடிக் கதவு

“விழுந்த ஹெலிகாப்டர்ல ஒரு கோளாறும் இல்லம்மா. மழையோ மூட்டமோ கிடையாது. உங்க வீட்டுக்காரர்தான் கரண்ட் கம்பி உயரத்துக்கு இறக்கியிருக்கார்” என்றார் விசாரணை அதிகாரி.

இறந்துபோன பைலட்டின் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியாரும் இருந்தாள்.

“ட்யூட்டி முடிஞ்சு திரும்பும்போதெல்லாம் இந்த வீட்டு மேலே தாழப் பறப்பாராமே?”

“ஆமா சார். நான் மொட்டை மாடியில நின்னு துண்டை ஆட்டுவேன். என்னைப் பார்த்ததும் மேலே ஏத்திட்டுப் போயிடுவார். இந்த வம்பு வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். ‘என் கையில அது பொம்மைடி’ன்னு சிரிப்பார்.”

“வேணாம்னு சொல்லிக்கிட்டே துண்டையும் ஆட்டியிருக்கீங்க!” அதிகாரியின் குரல் சூடானது. “அன்னைக்கும் ஆட்டினீங்களா?”

“இல்லை சார். மாடிக்கே போகலை.”

“ஏன்?”

அவள் மாமியாரை ஒரு முறை பார்த்தாள். “அசந்து தூங்கிட்டேன் சார்.”

“எனக்காகப் பொய் சொல்லாதேம்மா!” மாமியார் உடைந்து அழுதாள். “ஐயா, மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டது நான்தான். மாடியில ஆள் இல்லைன்னா அவன் பாட்டுக்குப் போயிடுவான், இந்த விளையாட்டும் அதோட ஒழிஞ்சிடும்னு நினைச்சேன். இவ கதவைத் தட்டித் தட்டிக் கெஞ்சினா. நான் திறக்கலை. ஹெலிகாப்டர் சத்தம் போகவே இல்லைய்யா, வீட்டைச் சுத்திச் சுத்தி வந்துச்சு... இவளைக் காணோமேன்னு தேடித்தான் எம்புள்ள அவ்வளவு கீழே வந்திருக்கான்.”