நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை

"துபாய்ல ரெண்டு நாள் எறங்கித்தான் போவணும். நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை வராப்போலப் பாத்து டிக்கெட் போடு தம்பி."

பதுருன்னிசா இப்படிச் சொன்னதும் வேதகிரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வேதகிரி உத்திரமேரூரில் டிராவல்ஸ் நடத்துபவர். பதுருன்னிசாவையும் அவள் மகன் அப்துல் பாசித்தையும் மருமகள் ஷப்ரீனையும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை அனுப்பும் விஷயமாக, அவர்களுடைய வீட்டோடு சேர்ந்த இரும்புக்கடைக்கே வந்திருந்தார்.

"ஆகஸ்ட் மாசம் பாயம்மா. அங்க எறங்குனா ஆளுங்க அப்பளமாட்டம் பொரிஞ்சிடுவாங்க. ஜித்தாவுக்கு நேரா ஃபிளைட் கீது, ஏறினா எறங்கிடலாம்."

"பொரிஞ்சா பொரிஞ்சிட்டுப் போறேன். நீ எழுது."

கலப்பைக்குக் கொழு வாங்க வந்திருந்த திருப்புலிவனத்துக் கன்னியப்பன் சிரித்துவிட்டார். "பாயம்மா, வரும்போது ஒரு ஒட்டகத்தைப் புடிச்சாந்துடு. ஏர்ல பூட்டிப் பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பாசித் மட்டும் சிரிக்கவில்லை.

"நேராவே போட்டுடுங்க சார்," என்றான். "அம்மா, உம்ராவுக்குப் போறோம். நடுவுல கடை கடையா ஏறி எறங்கினா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"பேசறவங்க பேசிக்கினு கீட்டும்."

ஷப்ரீன் கணவனின் காதருகே குனிந்தாள். "மாமிக்கு துபாய் தங்கத்து மேல கண்ணு. உம்ரா ஒரு சாக்கு."

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். பதுருன்னிசா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பாசித்தின் பயம் வேறு.

அவன் அத்தா ரஹமத்துல்லா பாதி ஆயுளைத் துபாயில் கழித்தவர். அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானவர். சாவுச் செய்தி சொன்ன அதே மூச்சில், அவரோடு தங்கியிருந்தவர் இன்னொன்றையும் சொன்னார். "மனசைத் தேத்திக்க தம்பி. இங்க அவருக்கு இன்னொரு குடும்பம் கீது. மலபார்ப் பக்கத்து அம்மா. ஒரு பொண்ணும் கீது."

அதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா தாங்கமாட்டாள்.

அந்தப் பெண் இரண்டு முறை கடைக்குப் போன் செய்தாள். "அண்ணா..." என்று ஆரம்பிக்கும்போதே ரிசீவரை வைத்துவிட்டான். அம்மாவுக்காகத்தான் வைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்த ஊரில் அம்மாவின் கால் படவே கூடாது. பழைய ஆள் யாராவது ஒருவர் எதிரில் வந்து வாய் திறந்தால் போதும்.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மறுபடியும் கெஞ்சிப் பார்த்தான்.

"அத்தா கப்ரைப் பாக்கணும்னா சொல்லும்மா. அப்புறமா நான் தனியாப் போய் துஆ செஞ்சிட்டு வரேன்."

"கப்ரு எங்க போயிடப் போவுது? அதுக்கில்ல."

"வேற எதுக்கு?"

"வேல கீது."

மறுநாள் பாசித் வேதகிரியைத் தனியே பார்த்தான். "விசா தரமாட்டேங்கறாங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க சார். பாவம் என் தலையில."

வேதகிரிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"துபாய்ல எறங்க விசா கெடைக்கல பாயம்மா. நேராப் போறதுதான் ஒரே வழி."

பதுருன்னிசா மகனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"அப்ப நான் வரல," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

வேதகிரி டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஷப்ரீனால் பொறுக்க முடியவில்லை. "இன்னா மாமி இது? அல்லாவோட வூட்டைவிட கடைத்தெரு பெருசாப் போச்சா உங்களுக்கு? மாமா இருந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"ஷப்ரீன், சும்மா இரு!" என்றான் பாசித்.

பதுருன்னிசா கோபப்படவில்லை. மகனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"விசா கெடைக்கலன்னு அவர்கிட்ட சொல்லச் சொன்னது நீதானே?"

வேதகிரி குடிக்காமல் விட்டுப்போன டீயை எடுத்து அவன் ஓரமாக வைத்தான்.

"நான் அங்க போனா மனசு ஒடஞ்சிடுவேன்னு பயந்துக்கினு கீறே. அதானே?"

பாசித் நிமிர்ந்தான். "உனக்கு... உனக்கு எப்படிம்மா?"

"உங்க அத்தாவே சொன்னாரு. நீ பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்த காலத்துலயே சொல்லிட்டாரு. அழுது தீத்தேன். ஒரு வருசம் அவரோட பேசவேயில்ல. அப்புறம் நான்தான் சொன்னேன், இது புள்ளைங்களுக்குத் தெரிய வேணாம், அத்தா மேல கீற மரியாத போயிடும்னு."

ஷப்ரீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்தினி நாளா நீ எனக்கு மறைச்சே. நான் உனக்கு மறைச்சேன். போவட்டும். ஆனா 'அண்ணா'ன்னு கூப்பிட்டவ பேசி முடிக்கறதுக்குள்ள போனை வெச்சியே, அது யாருக்காகடா?"

பாசித்தின் கண்கள் தாமாகத் தாழ்ந்தன.

"அழுதுக்கினு எனக்குப் போன் பண்ணுச்சு அந்தப் பொண்ணு. கட்டாயம் கூட்டிக்கினு வரேன்னு சொல்லியிருக்கேன். அதைச் செய்யாம நான் எந்த மொகத்தோட காபாவைச் சுத்தறது?"

"யாரைம்மா கூட்டிக்கினு?"

"உன்னைத்தான்டா. நடுவுல வர அந்த வெள்ளிக்கிழமைதான் உன் தங்கச்சிக்கு நிக்காஹ். அத்தா இல்லாத பொண்ணுக்கு, சபையில வலீயா, பொறுப்பாளியா ஒக்காந்து மாப்பிள்ளை கையில ஒப்படைக்க அண்ணன்தான் வேணும்."