மத்தாப்புப் பெட்டியில் ஒரு முகம்

திருத்தங்கல் அச்சகத்தின் தகரக் கூரையில் மத்தியான வெயில் முறுக்கேறி நிற்கிறது. கம்பி மத்தாப்புப் பெட்டிக்கான முதல் தாளை மிஷின்மேன் பாண்டிராஜ் உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். அதில் மத்தாப்போடு சிரிப்பது, அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கும் ஓவியாவின் மகள். படத்தைத் திருத்தியதும் ஓவியாதான். எந்தக் கலர் ஸ்பேஸில், அதாவது எவ்வளவு பெரிய நிற எல்லைக்குள், வேலை செய்வது என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, நிறம் நிறையக் கொள்ளட்டும் என்று ஆகப் பெரியதைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் கன்னம் மாதுளையாக மின்னியது. அச்சுத் தகடான பிளேட் போடும் கம்ப்யூட்டர் அதைச் சாதாரணப் படமாகவே வாசித்து நிறத்தை வெளுக்க வைத்துவிடும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. தாளில் பிள்ளையின் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. "அண்ணே, எந் தப்புதான். மொதலாளி வாரதுக்குள்ள மாத்திருறேன்," என்கிறாள். போன சீசனில் பட்டாசுக் கம்பெனி வெடித்தபோது, செத்துக் கிடந்த தன் மனைவியைச் சாம்பல் படிந்த முகம் பார்த்து அடையாளம் சொன்னவர் பாண்டிராஜ். மிஷினை நிறுத்துகிறார். உருளைகளின் இரைச்சல் மெல்ல அடங்குகிறது. ஈர மை மேஜையில் ஒட்டும் என்று தெரிந்தும் தாளைக் குப்புறக் கவிழ்க்கிறார்.

"பிள்ளை இப்ப எங்கன இருக்கு, தாயி?"