கரடி விழும் சத்தம்

தொலைக்காட்சியில் பூவராகன் விழுந்தால் ஊரே சிரிக்கும். ஏணியிலிருந்து விழுவார், மாட்டுவண்டியிலிருந்து விழுவார், ஒருமுறை மாமியார் மேலேயே விழுந்தார். முழங்கால் போன பிறகு யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஒரு கார்ட்டூன் கரடிக்குக் குரல் கொடுக்கிறார். திரையில் கரடி விழும்; இவர் மைக் முன்னால் நின்றபடியே அலறுவார்.

அலறிப் பழகுவது வீட்டுக் குளியலறையில்தான். அங்கே எதிரொலி நன்றாக இருக்கும். கரடி எங்கிருந்து விழுகிறது என்று சமையலறையிலிருந்தே மனைவி சியாமளா கண்டுபிடிக்க வேண்டும். “பனைமரம்!” என்பாள். சரியென்றால் உள்ளே கரடி உறுமும். தப்பென்றால் மறுபடி விழும்.

இன்று காலை அலறல்கூட இல்லை. ஒரு மூச்சு, பிறகு வாளி உருளும் சத்தம்.

“வாளியெல்லாம் வச்சுப் பண்றீங்களா?” சியாமளா சிரித்தாள். “கட்டில்லேருந்துதானே?”

உறுமல் வரவில்லை.

“அப்ப நாற்காலியா?”

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“தெரியலைங்க. இன்னொரு தடவை விழுந்து காட்டுங்க” என்றவள், சரியாகக் கேட்கட்டும் என்று அடுப்பை அணைத்தாள்.